வலிக்காத விரல்

ஆரணியில் ஒரு தறி வீட்டுக்குள் போய்ப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். நெய்கிறவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். கால் மிதியில், கை நாடா ஓட்டும் கயிற்றில். வாய் பக்கத்துத் தறிக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும். கண்ணும் பெரும்பாலும் துணியில் இருக்காது. திடீரென்று கை நின்றுவிடும். குனிந்து பார்ப்பார். பாவில் ஓர் இழை அறுந்திருக்கும். ஆயிரக்கணக்கான பட்டு இழைகளில் ஒன்றே ஒன்று.

“எப்படிண்ணே தெரிஞ்சுது?” என்று கேட்டால், “கைக்குத் தெரியும்பா” என்பார். அதற்குமேல் அவருக்கும் விளக்கத் தெரியாது.

ஆனால் அடுத்து நடப்பதைக் கவனிக்க வேண்டும். எந்த இழை அறுந்தது என்று தேடுகிறார். முடிச்சுப் போடுகிறார். பிசகிய இடம் எது, எத்தனை ஊடையைப் பின்னால் எடுக்க வேண்டும் என்று எண்ணுகிறார். ‘நிறுத்து’ என்று சொன்னது கை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கணக்கு. கை சொல்லாவிட்டால் கணக்குக்கே வேலை வந்திருக்காது. கணக்குத் தெரியாவிட்டால் கை சொல்லியும் பயனில்லை.

ஆரணியிலிருந்து போளூர்ப் பக்கமாகப் போனால் திருமலை வரும். குந்தவை ஜினாலயமும், பாறையில் ஓங்கி நிற்கும் நேமிநாதர் சிலையும் உள்ள சமண மலை. ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை வரிசையாகச் சொல்லும் பெயர்பெற்ற கல்வெட்டு இருப்பதும் இங்கேதான். சமணர்கள் மூன்று மணிகளைப் பற்றிப் பேசுவார்கள்: நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம். நம்புவது, அறிவது, நடப்பது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் வீடுபேறு இல்லை என்பது அவர்கள் கொள்கை. நம்பிக்கையையும் அறிவையும் ஒரே சரட்டில் கோப்பது இந்த மண்ணுக்குப் பழைய வேலை.

கிறிஸ்தவமும் இதே கேள்வியோடுதான் இந்தப் பக்கம் வந்தது. 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் நிலையங்களில் ஆரணியும் ஒன்று. அன்றிலிருந்து இன்றுவரை சபைக்குச் சபை, வீட்டுக்கு வீடு ஒரு உரையாடல் ஓயாமல் நடக்கிறது. “ஐயா, மனசுல ஒரு பாரம் இருந்துகிட்டே இருக்கு. கர்த்தர் பேசுறாருன்னு நினைக்கிறேன்” என்று ஒருவர் சொல்வார். “பாரம் இருக்கட்டும், வருமானத்துக்கு என்ன வழி, பிள்ளைங்க படிப்பு என்னாகும்?” என்று வீட்டில் இன்னொருவர் கேட்பார். முதலாமவருக்கு இரண்டாமவர் விசுவாசம் குறைந்தவராகத் தெரிவார். இரண்டாமவருக்கு முதலாமவர் நிலைமை புரியாதவராகத் தெரிவார்.

இருவரும் ஒரே தறியின் இரண்டு வேலைகளைத்தான் பேசுகிறார்கள் என்று சொல்வதற்கு அறிவியலில் இன்று ஆதாரம் உண்டு. அதைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். வடக்கே நாற்பது கிலோமீட்டர் போனால் வேலூர்.

பூட்டைத் திறந்த பையன்

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர்; மிஷனரிப் பெற்றோரின் பிள்ளை. லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் அவரை நோயாளிகளிடையே அழைத்துச் சென்றார். மடங்கிப்போன விரல்கள், குட்டையாகிப்போன கைகள். ஒரு நோயாளியிடம், “என் கையை முடிந்த மட்டும் இறுக்கிப் பிடி” என்றார் பிராண்ட். அவன் பிடித்தான். பிராண்டுக்கு உயிர் போகிற வலி. செத்துப்போன கை என்று எல்லோரும் கைகழுவிய அந்தக் கையில் அவ்வளவு பலம்! அந்த வலிதான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி.

விரல்கள் ஏன் குறைகின்றன? கிருமி சதையைத் தின்கிறது, சதை அழுகி விழுகிறது என்றுதான் அதுவரை நம்பினார்கள். ஒருநாள் ஒரு சாமான் அறையின் துருப்பிடித்த பூட்டு திறக்க மறுத்தது. பிராண்ட் திருகிப் பார்த்தார், சாவி அசையவில்லை. தொழுநோய் வந்த ஒரு சிறுவன் முன்னால் வந்து, சாவியைப் பிடித்து ஒரே திருகில் திறந்துவிட்டான். வளர்ந்த ஆளால் முடியாததைப் பையன் செய்துவிட்டானே என்று வியக்கும்போதே தரையில் ரத்தம் சொட்டியது. அவன் விரல் எலும்புவரை கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை.

பிராண்டால் அந்தச் சாவியைத் திருக முடியாமல் போனது பலக்குறைவால் அல்ல. ஓர் அளவுக்கு மேல் அழுத்தினால் வலித்தது, வலித்ததால் விட்டார். சிறுவனுக்கு வலிக்கவில்லை, அதனால் விடவில்லை. இரவில் படுத்து எழும்போது சிலருக்கு விரல் நுனி காணாமல் போவதும் இப்படித்தான் துலங்கியது. காவல் வைத்துப் பார்த்தபோது, தூங்குகிறவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. வலித்தால்தானே விழிப்பார்?

தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ந்த பகுதிகளில் ஓடும் நரம்புகளைத் தாக்குகிறது. உணர்ச்சி போகிறது. அதன் பிறகு விரலை அழிப்பவை அன்றாட வேலைகள்தான்: கொதிக்கும் பாத்திரம், செருப்பில் ஏறிய முள், மண்வெட்டிப் பிடி. அந்த மனிதருக்கு அறிவு முழுசாக இருக்கிறது. நெருப்பு சுடும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன? ‘சுடுகிறது’ என்று கை சொல்லவில்லையே. அறிவு எந்த நேரத்தில், எதைக் கவனிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்ல ஆளில்லை.

தேதி சொல்ல முடியாத மனிதர்

விரலுக்கு நடந்தது மனதுக்கு நடந்தால்?

அமெரிக்காவின் அயோவாவில் நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ அப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்தார். நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்குச் சற்று மேலே மூளையின் ஒரு பகுதி கட்டியாலோ காயத்தாலோ பாதிக்கப்பட்டவர்கள். எலியட் என்ற பெயரில் அவர் எழுதியவர் நல்ல வேலையில் இருந்தவர். மூளைக்கட்டியை அகற்றிய பிறகும் நினைவாற்றல், மொழி, கணக்கு, அறிவுச் சோதனைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் வாழ்க்கை சரிந்தது. அலுவலகத்தில் கோப்புகளை எப்படி வரிசைப்படுத்துவது என்று ஒரு மதியம் முழுக்க யோசிப்பார். வேலை போனது. சேமிப்பு போனது. மணவாழ்க்கை முறிந்தது. அத்தனை துயரத்தையும் பிறத்தியார் கதைபோல அவர் சொன்னதுதான் டமாசியோவை உறுத்தியது. அந்த மனிதருக்கு அறிவு குறையவில்லை, எதுவும் உறைக்கவில்லை.

இன்னொரு நோயாளி, உறைபனி மூடிய சாலையில் காரை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். முன்னால் போனவர்கள் வழுக்கியதும் பதறிப்போய் பிரேக்கை மிதித்து விபத்தில் சிக்கினார்கள். இவர் பதறவில்லை, பனியில் எப்படி ஓட்ட வேண்டுமோ அப்படி ஓட்டி வந்து சேர்ந்தார். உணர்ச்சி குறுக்கிடாத அறிவு அன்று அவர் உயிரைக் காத்தது. மறுநாள் டமாசியோ அவரிடம், “அடுத்த முறை எப்போது வரலாம்?” என்று இரண்டு தேதிகளைச் சொன்னார். அந்த மனிதர் நாட்குறிப்பைப் புரட்டத் தொடங்கினார். அந்த நாளில் வேறு வேலை உண்டா, வானிலை எப்படி இருக்கும், இதற்கு முன்னும் பின்னும் என்னென்ன இருக்கின்றன... அரைமணி நேரம் ஆகியும் முடிவு வரவில்லை. கடைசியில் டமாசியோவே, “இரண்டாவது தேதிக்கு வாருங்கள்” என்றார். “சரி” என்று உடனே எழுந்து போய்விட்டார்.

நமக்கு இரண்டு நிமிடத்தில், ‘அட, இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா’ என்று சலிப்பு வந்திருக்கும். அந்தச் சலிப்பும் ஓர் உணர்ச்சி. யோசித்தது போதும் என்று அறிவுக்கு மணியடிப்பது அதுதான். அவருக்கு அந்த மணி இல்லை.

இதைச் சோதிக்க டமாசியோவின் குழுவினர் ஒரு சீட்டு விளையாட்டை உருவாக்கினார்கள். நான்கு கட்டுகள். இரண்டில் வரவு பெரிது; ஆனால் அவ்வப்போது வரும் இழப்பு அதைவிடப் பெரிது. மற்ற இரண்டில் வரவு சிறிது. போகப் போக லாபம். ஆடுகிறவரின் தோலில் வியர்வை எவ்வளவு சுரக்கிறது என்று கருவி அளக்கும். 1997இல் வெளியான முடிவுகளின்படி, எந்தக் கட்டு கெட்டது என்று வாயால் சொல்லத் தெரிவதற்கு முன்பே, அதை நோக்கிக் கை நீளும்போது இயல்பானவர்களின் உள்ளங்கை வியர்க்கத் தொடங்கியது. மூளையின் அந்தப் பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கு வியர்க்கவே இல்லை; அவர்கள் கெட்ட கட்டையே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த விளக்கத்தோடு எல்லோரும் ஒத்துப்போகவில்லை. 2004இல் வேறு இரு ஆய்வாளர்கள் ஆடுகிறவர்களிடம் இன்னும் நுணுக்கமாகக் கேள்வி கேட்டபோது, உடம்புக்குத் தெரிந்த அதே கட்டத்தில் மனதுக்கும் ஓரளவு தெரிந்தே இருந்தது என்று கண்டார்கள். எது முந்தியது என்ற விவாதம் இருக்கட்டும். உடம்பின் சேதி வராவிட்டால் முடிவு தடுமாறுகிறது என்பதற்கு எலியட்டின் வாழ்க்கையே சாட்சி.

தமிழருக்கு இதில் பெரிய வியப்பு இருக்கக் கூடாது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது, பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்றுதானே நாம் பேசுகிறோம்? அதே மொழியில் மனக்கணக்கு என்கிறோம், மனப்பாடம் என்கிறோம், மனவேதனை என்கிறோம், மனசாட்சி என்கிறோம். கூட்டல் கழித்தலும் கண்ணீரும் ஒரே மனதில் நடப்பதாக நம் மொழி எப்போதோ முடிவு கட்டிவிட்டது. விவிலியத்தின் எபிரேய மொழியிலும் இதயம் என்ற சொல் உணர்வதோடு சிந்திப்பதையும் குறிக்கும். உபாகமத்தில் கடவுளை அன்புசெய்யச் சொல்லும் கட்டளை இதயம், ஆத்துமா, பலம் என்று மூன்றைச் சொல்கிறது. மாற்கு நற்செய்தியில் இயேசு அதே கட்டளையைச் சொல்லும்போது நான்காவதாகச் சிந்தனையும் வந்து சேர்கிறது. கிரேக்கம் பேசியவர்களுக்கு இதயம் என்றால் அதில் சிந்தனையும் அடக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது போலும்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

இனி, இந்த வட்டாரத்தில் உணர்ச்சியால் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் மிகப் புகழ்பெற்ற முடிவுக்கு வருவோம்.

ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்து, பிறகு சென்னையில் பணிசெய்த மருத்துவ மிஷனரி. அப்பாவும் மருத்துவர்தான். குடும்பமே மிஷனரிக் குடும்பம் என்பதாலேயே ஐடாவுக்கு அந்த வாழ்க்கை வேண்டாமென்று இருந்தது. பஞ்சத்தைச் சின்ன வயதில் பார்த்தவர். அமெரிக்காவில் படித்து அங்கேயே நல்லபடியாக வாழ நினைத்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றதால்தான் 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்துக்கு வந்தார். அதுவும் கொஞ்ச காலத்துக்கு.

ஓர் இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு மேல்சாதி இந்து. மூவர் வீட்டிலும் பிரசவம் சிக்கலாகி மனைவி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். ஐடா மருத்துவம் படிக்காதவர். “அப்பா வருவார், நானும் கூட வருகிறேன்” என்றார். ஆண் மருத்துவர் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். ஐடா அன்றிரவு தூங்கவில்லை. காலையில் சாவு மேளம் கேட்டது. ஆளனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அறையைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் ஜெபித்தார். வெளியே வந்ததும், மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று பெற்றோரிடம் சொன்னார்.

‘அழைப்பு’ என்று கிறிஸ்தவர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. பிரசங்கங்களில் இந்த இரவு திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதும் அதனால்தான். ஆனால் அறிவியல் எழுதுகிறவனுக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. பலித்த அழைப்புகள் நமக்குக் கதையாக வருகின்றன. பலிக்காதவை வருவதில்லை. இதே போல ஓர் இரவு அழுது, இதே போல உறுதியெடுத்து, நிலத்தை விற்று, கடனாளியாகி நின்றவரைப் பற்றி யார் பிரசங்கம் செய்யப்போகிறார்கள்? ஆக, கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். அந்த உணர்ச்சி உண்மையானதா என்பதைவிட, அந்த உணர்ச்சியை வைத்துக்கொண்டு ஐடா என்ன செய்தார் என்பதே நமக்குப் பயன்படும் கேள்வி.

ஒரு குழந்தைக்கு இரண்டு டாலர்

முதலில் உணர்ச்சியின் ஓட்டைகளைப் பார்த்துவிடுவோம்.

2007இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு ஆளுக்கு 5 டாலர் கொடுத்து, ஆப்பிரிக்காவின் பட்டினிக்கு நன்கொடை தரலாம் என்றார்கள். சிலரிடம் மாலி நாட்டின் ரோக்கியா என்ற 7 வயதுச் சிறுமியின் படத்தையும் கதையையும் காட்டினார்கள். சிலரிடம் லட்சக்கணக்கானோர் பசியால் வாடும் புள்ளிவிவரத்தைக் காட்டினார்கள். சிறுமிக்குச் சராசரியாக 2.38 டாலர் கிடைத்தது. புள்ளிவிவரத்துக்குக் கிடைத்தது 1.14 டாலர். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் கூடும் என்றுதானே நினைப்போம்? 1.43 டாலராகக் குறைந்தது. சிறுமியின் முகத்தோடு எண்கள் சேர்ந்ததும் இரக்கம் தளர்ந்துவிட்டது. நம் இரக்கத்துக்கு ஒரு முகம் தெரியும். பல்லாயிரம் முகங்களை அதனால் எண்ண முடியாது.

இரண்டாவது ஓட்டை இன்னும் வெட்கப்படுத்துவது. 1973இல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரைச் சோதித்தார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும். சிலருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றி இயேசு சொன்ன உவமை. போகிற வழியில் ஒருவர் தலை குனிந்து இருமிக்கொண்டு, சரிந்து கிடப்பார். ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். நேரம் நிறைய இருந்தவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். நேரம் சரியாக இருந்தவர்களில் 45. ‘தாமதமாகிவிட்டது, சீக்கிரம் போ’ என்று விரட்டப்பட்டவர்களில் 10. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பது கவனிக்கத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. சமாரியனைப் பற்றிப் பேச ஓடியவர்களில் சிலர் இருமிக்கொண்டு கிடந்தவரைத் தாண்டிக்கொண்டே ஓடினார்கள்.

அவர்கள் கெட்டவர்களும் அல்லர், விசுவாசம் இல்லாதவர்களும் அல்லர். அவசரம் அவர்களுடைய விரலை மரக்கச் செய்துவிட்டது.

மூன்றாவது ஓட்டை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. காசநோய்க்கு மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் விடும், பசி எடுக்கும், உடம்பு தேறும். ‘சுகமாயிட்டேன்’ என்ற உணர்வு பொய்யல்ல. ஆனால் கிருமி இன்னும் உள்ளே இருக்கும். வழக்கமான சிகிச்சை 6 மாதம். ஜெபத்தில் சுகம் கிடைத்தது, இனி மாத்திரை வேண்டாம் என்று இரண்டாம் மாதத்தில் நிறுத்துகிறவருக்கு நோய் திரும்புகிறது; சில சமயம் மருந்துக்குக் கட்டுப்படாத வடிவத்தில். கடவுளுக்கு நன்றி சொல்ல அந்த உணர்வு தாராளமாகப் போதும். சிகிச்சையை நிறுத்த, மருந்தை முழுக் காலமும் சாப்பிட்டிருக்க வேண்டும்; மருத்துவரும் சொல்ல வேண்டும்.

மனதுருகினான், பிறகு?

நல்ல சமாரியன் உவமையை ஒரு நெசவாளியின் கண்ணோடு படித்தால் ஒன்று புலப்படும். சமாரியன் அடிபட்டவனைக் கண்டு மனதுருகினான் என்கிற இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள சொல் குடலிலிருந்து பிறந்தது. நம் ‘வயிறு பதறியது’ போல. உணர்ச்சிக்கான சொல் அந்த ஒன்றுதான். பிறகு வருவதெல்லாம் வேலை. கிட்டே போகிறான், எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கிறான், கட்டுகிறான், தன் வாகனத்தில் ஏற்றுகிறான், சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான், பராமரிக்கிறான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறான். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று கணக்கு வைக்கிறான். அவன் தன் பயணத்தையும் கைவிடவில்லை. வயிறு பதறியது ஒரு கணம். ஏற்பாடு இரண்டு நாள். பதறாதவர்கள், அவனுக்கு முன் அதே வழியில் வந்து விலகிப்போன ஆசாரியனும் லேவியனும், ஏற்பாட்டுக்கே வரவில்லை.

ஐடாவின் வாழ்க்கையும் இதே வடிவத்தில்தான் இருக்கிறது. அழுத இரவு ஒன்று. பிறகு அமெரிக்கா போய் மருத்துவப் படிப்பு. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். ஊர் திரும்புமுன் மருத்துவமனைக்காக நிதி திரட்டினார். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900இல் வேலூரில் அப்பா வீட்டில் ஒரே படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். அதே ஆண்டு அப்பா காலமானார். கற்றுக்கொடுக்க இருந்தவர் போனார். 1902இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை.

இங்கே நின்றிருந்தாலும் அது நல்ல கதைதான். ஆனால் இங்கேதான் அவருடைய அறிவு உணர்ச்சியைத் தாண்டி வேலை செய்தது. மூன்று பெண்களின் முகம் அவரை மருத்துவராக்கியது. ஆனால் கிராமங்களில் இதேபோலச் சாகிறவர்கள் மூன்று பேர் அல்லர். ஒரு டாக்டரம்மா எத்தனை வீட்டு வாசலுக்குப் போக முடியும்? ரோக்கியாவின் முகத்தோடு நின்றுவிடாமல் எண்களுக்குப் போனார் ஐடா. 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கினார். 1918இல், முதல் உலகப்போர் முடியாத காலத்தில், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1922இல் முதல் அணியாக 14 பெண்கள் தேறி வெளியே வந்தார்கள். அன்றிரவு திண்டிவனத்தில் இல்லாமல்போன அந்த ‘பெண் மருத்துவர்’ இப்போது 14 பேர்.

திண்டிவனத்து இரவிலிருந்து 1918 வரை கால் நூற்றாண்டு. அழைப்பை நம்பியதற்காக மட்டும் ஐடாவைப் பாராட்டுகிறவர்கள் இந்தக் கால் நூற்றாண்டை அவரிடமிருந்து பறித்துக்கொள்கிறார்கள்.

படுக்கையில் கிடந்த சிப்பாய்

உணர்ச்சியை நம்பவும் வேண்டும், சோதிக்கவும் வேண்டும் என்றால், எப்படி? இதற்கு ஒரு முறை வகுத்தவர் சிப்பாய் ஒருவர்.

1521இல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு இனிகோ என்ற ஸ்பானிய வீரரின் கால் நொறுங்கியது. மாதக்கணக்கில் படுக்கை. வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். அவற்றைப் படிப்பார், நடுநடுவே ஒரு சீமாட்டியை வெல்வதாகப் பகற்கனவும் காண்பார். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தார். இரண்டு கனவும் காணும்போது இனித்தன. ஆனால் சீமாட்டிக் கனவு முடிந்தபின் உள்ளம் வறண்டது. புனிதர்களைப் போல வாழ்வதாகக் கண்ட கனவு முடிந்த பின்னும் மகிழ்ச்சி தங்கியது. உணர்ச்சியை அதன் உச்சத்தில் அளக்காமல், அது அடங்கிய பின் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தார். ஓர் ஆய்வாளருக்குரிய பொறுமை இது.

இவர்தான் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவரிடையே பணிசெய்த பிரான்சிஸ் சவேரியார் இவருடைய தோழர். இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலுக்கு 1548இல் போப்பாண்டவரின் ஒப்புதல் கிடைத்தது. அதில் முடிவெடுப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. மனம் சோர்ந்து வறண்டிருக்கும்போது, தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே என்கிறார். பொங்கி வரும் ஆறுதலைக்கூட அப்படியே நம்பாதே; அது தணிந்த உடனே தோன்றும் திட்டங்கள் கடவுளுடையவையா, உன்னுடையவையா என்று பிரித்துப் பார் என்கிறார். மனம் அமைதியாக இருக்கும் வேளையில் நன்மை தீமைகளை எழுதி எடைபோடச் சொல்கிறார். அப்புறம் ஓர் உத்தி: முன்பின் தெரியாத ஒருவர் இதே சிக்கலோடு உன்னிடம் வந்தால் என்ன சொல்வாய்? அதையே நீ செய்.

2014இல் உளவியலாளர்கள் இகோர் கிராஸ்மனும் ஈதன் கிராஸும் இந்த உத்தி வேலை செய்கிறதா என்பதற்கு நெருக்கமான ஒன்றைச் சோதித்தார்கள். காதல் துணை துரோகம் செய்துவிட்டார் என்ற சூழலைத் தனக்கு நேர்ந்ததாகவும், நண்பருக்கு நேர்ந்ததாகவும் நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். நண்பருடைய சிக்கலில் மனிதர்கள் நிதானமாகவும் பல கோணத்திலும் யோசித்தார்கள். தங்கள் சிக்கலில் தடுமாறினார்கள். தங்கள் சிக்கலையே தள்ளி நின்று பார்க்கச் சொன்னபோது அந்த இடைவெளி மறைந்தது. ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லிவிட்டுத் தன் வீட்டில் தவறிய விவிலிய அரசரின் பெயரால் இதைச் சாலமோன் முரண் என்று அழைத்தார்கள்.

நம் சபைகளில் புழங்கும் சொற்களையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். ‘பாரம்’ என்பது நல்ல சொல். பாவில் ஓர் இழை அறுந்ததைச் சொல்லும் கை அது. அதை உதறக் கூடாது. ஆனால் பாரம் எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும், எப்படி முடிச்சுப் போடுவது என்று சொல்லாது. ‘மனசுல சமாதானம் இருக்கு’ என்பதும் நல்ல அடையாளமே. ஆனால் நாலு நாள் கழித்தும் இருக்கிறதா, முடிவால் பாதிக்கப்படப் போகிறவரின் முகத்தைப் பார்த்த பின்னும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். புத்தாண்டு இரவில் கையில் வரும் வாக்குத்தத்த அட்டையில் ஏற்கெனவே ஆசைப்பட்டதையே படித்துவிடுவது மனித இயல்பு. நாம் விரும்பாத பதிலையும் தரக்கூடிய ஒருவரிடம் கேட்டோமா என்பதே நேர்மையான சோதனை. வேதாகமத்தைத் திறந்தபடி கண்ணை மூடி விரல் வைப்பவர், தனக்குப் பிடிக்காத வசனம் வந்தால் இன்னொரு முறை வைக்கிறாரா என்று கவனியுங்கள்.

சாயங்காலப் பரிசோதனை

பால் பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே செயற்கையாக ஒரு வலி அமைப்பைச் செய்ய முனைந்தார். அழுத்தத்தை உணரும் கருவிகள் பொருத்திய கையுறை. அளவு மீறினால் மணி அடிக்கும். நோயாளிகள் மணியைக் கேட்டார்கள், வேலையை விடவில்லை. மணிக்குப் பதிலாக மின்னதிர்ச்சி வைத்துப் பார்த்தார். ஆபத்தான வேலை வரும்போது அதைத் துண்டித்துவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி பொருத்திக்கொண்டார்கள். செய்தியாக வரும் எச்சரிக்கையை மனிதன் அலட்சியப்படுத்துகிறான்; தன் கையிலேயே சுவிட்ச் இருந்தால் அணைத்துவிடுகிறான். பல ஆண்டு உழைப்புக்குப் பின் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார் பிராண்ட்.

உணர்ச்சிக்கு அறிவு முழு மாற்றாக முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது. ஆனால் உணர்ச்சி போன கையோடு எத்தனையோ பேர் விரல் சேதமில்லாமல் வாழ்கிறார்கள். அது எப்படி?

அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது மிக எளிய பழக்கம். தினமும் வேலை முடிந்ததும் உட்கார வேண்டும். கையையும் காலையும் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். எண்ணெய் தடவ வேண்டும். பிறகு வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலாக, உள்ளங்காலின் மடிப்பு மடிப்பாகப் பார்க்க வேண்டும். சிவப்பு உண்டா, கொப்புளம் உண்டா, முள் உண்டா? விரல் சொல்லாததைக் கண் தேடிப் பிடிக்கிறது. தன் கண்ணுக்கு எட்டாத இடத்தை வீட்டில் இன்னொருவர் பார்த்துச் சொல்கிறார்.

இஞ்ஞாசியாரும் தம் சபையாருக்கு நாள்தோறும் செய்யச் சொன்ன ஒன்று உண்டு. நாள் முடிகையில் உட்கார்ந்து, காலையிலிருந்து எங்கே மனம் இளகியது, எங்கே இறுகியது, எங்கே யாரைத் தாண்டிப் போனோம் என்று மணிக்கு மணி திரும்பிப் பார்ப்பது. பிரின்ஸ்டன் மாணவர்கள் அன்றிரவு அப்படி உட்கார்ந்திருந்தால், இருமிக்கொண்டு கிடந்த அந்த மனிதர் அவர்களுக்கு நினைவுக்கு வந்திருப்பார்.

வலிக்கிற விரல் உள்ளவர்களும் நாள் முழுக்க எத்தனையோ அவசரத்தில் மரத்துப்போகிறோம். விளக்கை அணைக்கும் முன் பத்து நிமிடம் கையை விரித்துப் பார்ப்பது நமக்கும் பொருந்தும்.